பதக்கத்தில் பெயரை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: கொள்ளுத்தாத்தா முனுசாமி முதல் உலகப் போரில் 'பஸ்ரா சண்டைக்கு' (பஸ்ரா இன்றைய இராக்கில் இருக்கிறது) போய் உயிரோடு திரும்பினார், பிறகு பெங்களூர் அல்சூரிலேயே குடும்பம் தங்கிவிட்டது. கையில் மிச்சம் ஒரே ஒரு வெள்ளிப் பதக்கம். 'ஆற்காட்டுப் பக்கம்' என்று வீட்டில் சொல்வார்களாம், ஊர் பெயர் யாருக்கும் தெரியாது. பழைய ராணுவப் பதிவுகளை வைத்து பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இணையத்தில் பெயரைத் தட்டினால் ஊர் வந்து விழும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். பஞ்சாபிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் அடித்தது. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளில் சுமார் 3,20,000 பேரின் விவரம் கிராமவாரியாக இருந்தது, அதை 2021-இல் இருந்து இணையத்தில் ஏற்றி வருகிறார்கள். மதராஸ் மாகாணத்துக்காரர்களான நமக்கு அப்படி ஒரே இடத்தில் எதுவும் இல்லை. இத்தனைக்கும் மதராஸிலிருந்து அந்தப் போருக்குச் சிப்பாய்களாக 51 ஆயிரம் பேருக்கும் மேல் சேர்ந்தார்கள், சமையல், தண்ணீர், சுமை, சலவை என்று கூடப் போனவர்கள் இன்னொரு 41 ஆயிரம் பேர். அதில் எத்தனை முனுசாமி இருந்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் பெயரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

பதக்கத்தை எடுங்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் ராஜா தலை, மறுபக்கம் குதிரை மேல் ஆடையில்லாத ஒரு வீரன், ஓரத்தில் 1914, 1918 என்று இருந்தால் அது பிரிட்டிஷ் வார் மெடல். முன்பக்கமும் பின்பக்கமும் நமக்குத் தேவையே இல்லை, லட்சக்கணக்கான பதக்கங்களில் ஒரே அச்சுதான். நமக்கு வேண்டியது விளிம்பு, அதாவது ரூபாய் நாணயத்தில் பல் வெட்டு இருக்குமே அந்த இடம். அங்கே சின்ன எழுத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருப்பார்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், விபூதியும் வேண்டாம், பல்பொடியும் வேண்டாம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பளபளவென்று தேய்த்தே எழுத்து மழுங்கிப்போன பதக்கங்களைப் பார்த்திருக்கிறேன். இருட்டறையில் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் விழும், அப்போது படிக்கலாம். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய காகிதத்தை விளிம்பில் சுற்றி, பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாகத் தேயுங்கள்.

ஒரு பேச்சுக்கு, முதலில் நாலு இலக்க எண், பிறகு எஸ்.பி.ஆர்., பிறகு பெயர், கடைசியில் 2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம். என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர், அதாவது பாலம், பாதை, பதுங்குகுழி அமைக்கும் பொறியியல் படைச் சிப்பாய். மிச்சம், இரண்டாவது குவீன் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், நம்மவர்கள் சொல்லும் மதராஸ் சாப்பர்ஸ். தலைமையிடம் பெங்களூர் அல்சூர் பக்கம்தான். இன்றைக்கு எம்.இ.ஜி. (மதராஸ் இன்ஜினியர் குரூப்) என்கிறார்கள், அந்த வீரர்களுக்குத் 'தம்பி' என்றே பட்டப்பெயர். உங்கள் குடும்பம் அல்சூரில் தங்கியதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம், விளிம்பைப் படித்தால்தான் உறுதி. 61 பயனியர்ஸ், 63 பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 83 வாலாஜாபாத், 80 அல்லது 88 கர்நாடிக் இன்ஃபன்ட்ரி என்று காலாட்படைப் பெயர் இருந்தால் கதை மாறும். இதில் 61-ம் 63-ம் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா சண்டைக்குப் போனவை. வீட்டில் 'பஸ்ரா' என்கிறார்கள், பதக்கம் 63 என்கிறது என்றால் நான் வீட்டுப் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். கப்பலேறிப் போனது எல்லாமே பாட்டிகளுக்கு 'பசரா'தான்.

பதக்கம் வெள்ளியா வெண்கலமா என்பதும் முக்கியம். இதே அச்சில் வெண்கலத்தில் இருந்தால் அவர் லேபர் கோர் மாதிரியான தொழிலாளர் படையிலோ, 'ஃபாலோயர்' என்று அழைத்த உதவியாட்களிலோ இருந்தவர். அதில் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை, தேட வேண்டிய பதிவு வேறு, அவ்வளவுதான். கூடவே 1914-15 ஸ்டார் என்ற நட்சத்திரப் பதக்கமும் இருந்தால் 1915 முடிவதற்குள் போர்க்களத்துக்குப் போய்விட்டார் என்று அர்த்தம், அது இல்லாமல் பிரிட்டிஷ் வார் மெடலும் விக்டரி மெடலும் மட்டும் வாங்கியிருந்தால் 1916-லோ அதற்குப் பிறகோ போயிருப்பார். உங்களிடம் ஒன்றுதான் இருப்பதால் இந்தக் கணக்கை வைத்து முடிவுக்கு வர முடியாது. மற்றவற்றை யாராவது விற்றிருக்கலாம், கொலுசுக்கு உருக்கியிருக்கலாம்.

சரி, எண்ணும் படைப்பிரிவும் கிடைத்துவிட்டது. அடுத்து என்ன? இங்கேதான் பெரும்பாலானவர்கள் லண்டனுக்கு மின்னஞ்சல் அனுப்பி நேரத்தை வீணாக்குகிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களிலும், லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலும் அதிகாரிகளைப் பற்றி நிறைய இருக்கிறது, சாதாரணச் சிப்பாயின் பணிப்பதிவு அங்கே இல்லை. அது அந்தந்தப் படைப்பிரிவோடு இந்தியாவிலேயே இருந்தது. லண்டனில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் போர்க்கள நாட்குறிப்புகள் உண்டு, மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, போன இந்தியக் கம்பெனிகளுடையதும் சேர்த்து. படிக்கச் சுவையாக இருக்கும், எந்த நாள் எந்த ஆற்றில் பாலம் கட்டினார்கள் என்றெல்லாம் தெரியும். ஆனால் வெள்ளைக்கார லெப்டினன்ட்டுக்குக் காய்ச்சல் என்றால் பெயரோடு எழுதுவார்கள், நம்ம ஆள் செத்தாலும் 'ஒரு சாப்பர்' என்பதோடு முடித்துவிடுவார்கள். ஊரைத் தேடுபவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

ஊர் எழுதியிருக்கும் காகிதங்கள் மூன்று நாலுதான். ஒன்று ஷீட் ரோல், அதாவது ஆளின் முழுப் பணிச்சரித்திரம். இன்னொன்று கிண்ட்ரெட் ரோல், வாரிசு, சொந்தக்காரர் விவரம். மூன்றாவது லாங் ரோல் என்ற பெரிய பதிவேடு. சேரும்போது எண், பெயர், அப்பா பெயர், சாதி அல்லது மதம், கிராமம், தாலுகா, ஜில்லா, சேர்ந்த தேதி என்று ஒருவருக்கு ஒரு வரி. இதில் ஷீட் ரோலை நம்ப வேண்டாம், பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களுடையதை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடலாம் என்று ராணுவ விதியே இருக்கிறது. லாங் ரோல் நிரந்தரமாக வைக்க வேண்டியது. அதனால் பெங்களூர் எம்.இ.ஜி. பதிவு அலுவலகத்துக்கு எழுதும்போது 'என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிய தகவல் வேண்டும்' என்று பொதுவாக எழுதாதீர்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவின் அந்தக் காலப் பெயர் எல்லாம் போட்டு, லாங் ரோலில் இந்த எண்ணுக்கு நேரே உள்ள கிராமம், தாலுகா, ஜில்லா என்ன என்று ஒரே கேள்வி கேளுங்கள், விளிம்பின் படத்தை இணையுங்கள். ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்விக்குத்தான் எந்த அலுவலகத்திலும் பதில் வரும். படைப்பிரிவு மதராஸ் இன்ஃபன்ட்ரியாக இருந்தால் சிக்கல் அதிகம், அந்தப் பழைய பட்டாலியன்கள் 1920-களிலேயே கலைக்கப்பட்டன, பயனியர்களை 1933-இல் கலைத்தார்கள்.

நான்காவது காகிதம் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட். இது ஆபீஸில் இருக்காது, உங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பரணில் இருக்கும். எங்கள் குடும்பத்திலும் இப்படித்தான் கிடைத்தது. என் அம்மாவின் தாத்தா பட்டாளத்துக்குப் போனவர். எங்கள் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவருடைய தம்பி வழிப் பேரன் வீட்டில் ஒரு தகரப் பெட்டி, அதன் மூடியின் உள்பக்கம் முருகன் காலண்டர் படம் ஒட்டியிருந்தது. அந்தப் படத்துக்கு அடியில், கெட்டியாக இருக்கட்டுமே என்று, அவருடைய டிஸ்சார்ஜ் காகிதத்தை வைத்து ஒட்டியிருந்தார்கள்! நாள் முழுக்க ஈரத்துணி போட்டு மெதுவாகப் பிரித்தோம். அங்க அடையாளம் என்ற இடத்தில் வலது முழங்காலில் தழும்பு என்று இருந்தது. படித்துக் காட்டியதும் தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த பெரியம்மா, 'ஏத்தத்துல இருந்து விழுந்தது' என்றார், அதுவரை அவர் தாத்தாவைப் பற்றி ஒரு வார்த்தையும் நினைவில்லை என்று சாதித்தவர்.

அந்தக் காகிதத்தில் சேர்ந்த வருஷம் 1908, தாலுகா திருப்பத்தூர், ஜில்லா சேலம் என்று இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, இரண்டு முறை சேலத்துக்குப் போய் அலைந்தேன். அங்கே அப்படி ஒரு தாலுகா இல்லை. ஒருவர் சிவகங்கைப் பக்கம் இருக்கும் திருப்பத்தூராக இருக்கும் என்றார், அதையும் நம்பி ஒரு வாரம் போனது. கடைசியில் பழைய மாவட்டக் கெஜட்டியரைப் புரட்டியபோதுதான் புரிந்தது: வேலூர் பக்கத்துத் திருப்பத்தூர் 1911 வரை சேலம் ஜில்லாவில் இருந்தது, அந்த வருஷம்தான் வட ஆற்காட்டோடு சேர்த்தார்கள். 1908-இல் சேர்ந்தவருக்கு எழுத்தர் சேலம் என்று எழுதியது நூற்றுக்கு நூறு சரி. தப்பு என் கையில் இருந்த வரைபடத்தில்தான்.

அதனால் ஊர் பெயர் கிடைத்ததும் முதல் வேலையாக, அவர் சேர்ந்த வருஷத்தில் ஜில்லா எல்லை எப்படி இருந்தது என்று பாருங்கள். 1910, 1911 இரண்டு வருஷத்தில் நிறைய மாறியது. ராமநாதபுரம் ஜில்லா பிறந்தது 1910-இல், அதற்கு முன் சேர்ந்தவருக்கு மதுரை அல்லது திருநெல்வேலி என்று இருக்கும். கரூர் கோயம்புத்தூரிலிருந்து திருச்சிக்குப் போனது. நாமக்கல் சேலத்திலிருந்து திருச்சிக்குப் போய் 1929-இல் திரும்பி வந்தது. சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டுக்குள் இருந்தது, அதனால் நீங்கள் சொல்லும் 'ஆற்காட்டுப் பக்கம்' இன்றைய ஆந்திராவாகவும் இருக்கலாம். பெயர்களின் எழுத்தும் அப்படியே: வந்தவாசி 'வாண்டிவாஷ்', காஞ்சிபுரம் 'கஞ்சீவரம்', திருநெல்வேலி 'டின்னவெல்லி'. பெரிய ஊருக்கே இந்தக் கதி என்றால் கிராமத்துப் பெயர் என்ன பாடு பட்டிருக்கும்! எழுதியவர் நம்ம ஊர்க்காரராக இருந்திருக்க வேண்டியதில்லை, காதில் விழுந்ததை எழுதியிருப்பார். வாய்விட்டு வேகமாகப் படித்துப் பாருங்கள், கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும்.

இப்போது, பதிவு அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை, காகிதமும் இல்லை என்றால்? எனக்கு ரொம்பப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. கொஞ்சம் சங்கடமான உண்மை: இந்தப் பதிவுகளில் உயிரோடு திரும்பியவரைவிட செத்தவரைக் கண்டுபிடிப்பது சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை பணியில் இறந்தவர்களை இலவசமாகத் தேடலாம். பல இந்தியச் சிப்பாய்களுக்கு எண்ணோடு, இன்னார் மகன், இன்ன கிராமம், இன்ன தாலுகா, இன்ன ஜில்லா என்றும் போட்டிருக்கிறார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா அதில் இருக்க மாட்டார், அவர் பிழைத்து வந்தவர். ஆனால் அவரோடு சேர்ந்தவர்களில் சிலர் திரும்பவில்லை.

தளத்தில் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, இந்திய ராணுவம், அந்தப் படைப்பிரிவு, முதல் உலகப் போர் என்று மட்டும் கொடுங்கள். வருகிற பட்டியலை அட்டவணையாக இறக்கி, எண் வரிசையில் அடுக்குங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் எண்ணுக்கு முன்னே இருபது, பின்னே இருபதுக்குள் யாராவது இருக்கிறார்களா பாருங்கள். எண் என்பது சேர்ந்த வரிசை. அந்தக் காலத்தில் லீவில் ஊருக்குப் போன ஹவில்தாரோ நாயக்கோ திரும்பும்போது மச்சான், பங்காளி, பக்கத்துத் தெருப் பையன் என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார், அவர்கள் ஒரே நாளில் சேர்வார்கள், அடுத்தடுத்த எண் விழும். அப்படி உங்கள் எண்ணுக்குப் பக்கத்து எண்கள் இரண்டு மூன்று ஒரே தாலுகாவைக் காட்டினால் அங்கே போய்ப் பார்ப்பது வீண் அலைச்சல் இல்லை. இது சாட்சியம் ஆகாது, துப்பு மட்டும்தான். எண்கள் அந்தப் படைப்பிரிவுக்குள் மட்டுமே பொருந்தும் என்பதையும் மறக்காதீர்கள், வேறு படையில் அதே எண்ணில் வேறு ஆள் இருப்பார்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. பஸ்ரா நினைவுச் சின்னத்தில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நினைவுகூர்கிறார்கள். 1929-இல் திறந்தபோது அதில் வெள்ளைக்காரர்கள் பெயரும் இந்திய அதிகாரிகள் பெயரும் வெட்டினார்கள், இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும். இந்த மாதிரிப் பாரபட்சத்தை அந்த ஆணையமே 2021-இல் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. ஆகவே பெயர் கல்லில் இல்லை என்றால் ஆளே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், பட்டியலில் இருப்பார்.

எந்தப் பதிவிலும் பெயரைத் தேடும்போது கவனிக்க வேண்டியது: இனிஷியல் கிடையாது, ஒற்றைப் பெயர்தான். 'சாமி' என்பதை நடுவில் டபிள்யூ போட்டு 'சாவ்மி' மாதிரி எழுதுவார்கள், முனுசாமி முனிசாமி ஆவார், மூனசாமியும் ஆவார். வயதை அப்படியே நம்ப வேண்டாம், ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது. அப்புறம் சாதிக் கட்டம். அதில் இருப்பது ஆள் எடுத்த அதிகாரி வைத்திருந்த வகைப்பாடு. 'தமிழ்' என்று ஒரு வகை, 'பறையர்' என்று தனி வகை, 'கிறிஸ்தவர்' என்று இன்னொன்று, பறையர் தமிழர் இல்லை என்பது போல! மதராஸ் சாப்பர்ஸை வளர்த்ததில் பறையர் சமூகத்தின் பங்கு பெரியது. அரசுப் பதிவுகளில் ஆதி திராவிடர் என்ற சொல் வந்தது 1922-இல், அதற்கு முந்தைய பதிவேட்டில் அதைத் தேடாதீர்கள். வீட்டில் சொல்லி வந்ததும் காகிதமும் வேறுபட்டால் அதிர்ச்சி அடைய வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். வேறு பெயரிலும் வேறு சாதி சொல்லியும் சேர்ந்தவர்கள் உண்டு.

காகித வேலை நடக்கும்போதே வீட்டில் உள்ள வயசானவர்களிடம் உட்காருங்கள். 'எந்த ஊர்' என்று கேட்காதீர்கள், தெரியாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். குலதெய்வம் எது, முதல் மொட்டை எங்கே அடித்தார்கள், சாமி கும்பிடப் போக எந்த ஸ்டேஷனில் இறங்குவார்கள், பெண் எடுத்தது எந்தப் பக்கம் என்று கேளுங்கள். ஊரை விட்டு மூன்று தலைமுறை ஆனாலும் குலதெய்வத்தை அவ்வளவு சுலபத்தில் விட மாட்டார்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு, அதில் பெற்றோரின் சொந்த ஊர் எழுதும் வழக்கம் சில பங்குத் தேவாலயங்களில் உண்டு. எப்போது பட்டாளத்தில் சேர்ந்தார் என்பதற்கும் இப்படித்தான் கேட்க வேண்டும். 'எம்டன் குண்டு போட்ட வருஷம்' என்றால் 1914, மதராஸ் துறைமுகத்தில் எம்டன் சுட்டது செப்டம்பர் 22 ராத்திரி.

தாலுகா வரை வந்துவிட்டால் நேரில் போங்கள். பல கிராமங்களில் பள்ளிக்கூடச் சுவரிலோ சாவடியிலோ ஒரு சின்னக் கல் இருக்கும், ஆங்கிலத்தில், 'இந்தக் கிராமத்திலிருந்து 1914-1919 பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்' என்று. பெயர் இருக்காது, எண்ணிக்கைதான். சுண்ணாம்பு அடித்து மூடியிருப்பார்கள், கையால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கல் இருக்கிற ஊரில் 'பட்டாளத்தார் வீடு' எது என்று கேட்டால் டீக்கடையிலேயே வழி சொல்லிவிடுவார்கள். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை மாதிரி, தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பி ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர்களும் உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேளுங்கள், பதிவு கிடைக்காவிட்டாலும் எந்த ஊரில் பழைய பட்டாளத்துக் குடும்பங்கள் அதிகம் என்று அவர்களுக்குத் தெரியும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தை நான் கடைசியாகத்தான் வைப்பேன். கிராமத்தின் பெயர் தெரிந்த பிறகு பழைய நிலப் பதிவேட்டில் அப்பா பெயரைத் தேட அது நல்ல இடம், கிராமம் தெரியாமல் போனால் கடலில் குண்டூசி தேடுகிற வேலை.

இப்போதைக்கு விளிம்பை நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், புளி மட்டும் வேண்டாம். ஒரு எழுத்து தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, ஊகித்து நிரப்பாமல் அந்த இடத்தில் புள்ளி வைத்து அப்படியே எழுதிப் போடுங்கள், படைப்பிரிவு எது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.